பிழைத்தோர் யார்?

தமிழில் 'பிழைத்தல்' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. சாவினின்று தப்பி உயிரோடிருத்தல் ஒரு பொருள். நெறியினின்று தவறுதல் மற்றொரு பொருள். சிலப்பதிகாரப் பதிகம் அரசநீதியைக் குறிக்குமிடத்தில் இரண்டாம் பொருளிலேயே இச்சொல்லை ஆள்கிறது. உயிர் தப்பியவனையும் அறம் தவறியவனையும் ஒரே சொல்லால் குறிக்க நேர்ந்தது மொழியின் தற்செயலாக இருக்கலாம். எனினும், 'உயிரைக் காத்துக்கொள்ளும் பொருட்டு அறத்தைத் தவறவிடலாமா?' என்னும் பழைய வினா அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

இவ்வினாவை நம் சிந்தனைக்கு மீண்டும் கொணர்ந்தது ஆகமமோ புராணமோ அன்று. ஆங்கில நாட்டுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று. பிரித்தானிய ஒலிபரப்புக் கழகமாகிய பி.பி.சி. 1975 முதல் 1977 வரை மூன்று பருவங்களாக, 38 பகுதிகளில் ஒளிபரப்பிய 'சர்வைவர்ஸ்' என்பது அது. பெயரைத் தமிழாக்கினால் 'பிழைத்தோர்' என்றே ஆகும். இதனை உருவாக்கியவர் டெர்ரி நேஷன் என்னும் எழுத்தாளர். பல ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை கண்ட இத்தொடரை அண்மையில் குறுந்தகடுகளில் மீண்டும் காணும் வாய்ப்பு நேர்ந்தது. முதன்முறை கண்டபோது நியாயமாகத் தோன்றிய ஒரு செயல், இம்முறை நம் நெஞ்சை உறுத்தியது. அவ்வுறுத்தலை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதையும் காலமும்

கதை எளியது. பெயரறியாத கொள்ளைநோய் ஒன்று சில வாரங்களில் உலகெங்கும் பரவி மக்களுள் மிகப் பெரும்பாலோரை மாய்த்துவிடுகிறது. இங்கிலாந்தில் எஞ்சிய மிகச் சிலர் ஒருவரையொருவர் தேடிக் கண்டு கூடி வாழ முற்படுகின்றனர். கணவனை நோய்க்குப் பறிகொடுத்து, விடுதிப் பள்ளியில் பயின்ற மகனைத் தேடி அலையும் ஏபி கிராண்ட் என்னும் நடுவயது மாது, பொறியாளராகிய கிரெக் பிரெஸ்டன், இலண்டனிலிருந்து தப்பி வரும் ஜென்னி ரிச்சர்ட்ஸ் என்னும் இளம்பெண் ஆகிய மூவரே முதற்பருவத்தின் முதன்மை மாந்தர்கள். நாட்டுப்புறத்துப் பழைய மாளிகை ஒன்றில் இவர்கள் ஒரு சிறு குடியிருப்பை அமைக்கின்றனர். அம்மாளிகைக் காட்சிகள் எரிஃபோர்டுசையரில் உள்ள ஹாம்ப்டன் கோர்ட் என்னும் பழங்கோட்டையில் படமாக்கப்பெற்றவை.

இத்தொடர் பிறந்த காலமும் கருதத்தக்கது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் போராட்டமும் சேர்ந்து பிரித்தானியாவை முடக்கின. 1974 சனவரி முதல் மார்ச்சுத் தொடக்கம் வரை பெரும்பாலான தொழில்களுக்கு வாரத்தில் மூன்று நாள்களே மின்சாரம் வழங்கப்பட்டது. விசையை அழுத்தினால் விளக்கு எரியும் என்பது இயற்கை விதியன்று என்பதை அந்நாட்டு மக்கள் மெழுகுவர்த்தி ஒளியில் உணர்ந்தனர். அவ்வச்சம் ஆறுமுன்னரே எழுந்தது இக்கதை. 2008இல் பி.பி.சி. இதனைப் புதிதாக ஆக்கி வெளியிட்டது. 2020ஆம் ஆண்டின் கொரோனாப் பெருந்தொற்றையும், அவ்வாண்டு மார்ச்சு 25 முதல் நம் நாட்டில் கதவடைத்திருந்த நாள்களையும் கண்ட நமக்கு, இத்தொடரின் முதற்பகுதி இனி வெறுங்கற்பனையாகத் தோன்றாது.

கையினின்று நழுவிய குடுவை

ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் ஒரு சிறு காட்சி வருகிறது. முகமூடி அணிந்த ஆய்வாளர் ஒருவரின் கையினின்று ஒரு கண்ணாடிக் குடுவை நழுவி விழுந்து உடைகிறது. அடுத்து வானூர்தி, பின்னர்க் கடவுச்சீட்டில் விழும் பல நாட்டு முத்திரைகள். சொற்கள் எவையும் இல்லாமலே உலகத்தின் அழிவு சொல்லி முடிக்கப்படுகிறது. போர் இல்லை, பகை இல்லை, எவரும் எவரையும் வெறுக்கவில்லை. ஒரு நொடிக் கவனக்குறைவு மட்டுமே இருந்தது.

இக்காட்சியைக் காணும் ஜைனர் எவருக்கும் ஐந்து சமிதிகள் நினைவுக்கு வாராமற் போகா. அவற்றுள் நான்காவது ஆதான நிக்ஷேபண சமிதி. அதாவது ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் உயிர்களுக்கு ஊறு நேராதவாறு விழிப்போடிருத்தல். கமண்டலத்தை எடுப்பதற்கும் ஏட்டை வைப்பதற்கும் கூட ஒரு விரதமா என்று நம்மை நகைத்தவர்கள் உண்டு. கொலை என்பது வாளோடும் வெறியோடும் மட்டுமே வருவதன்று. பிரமாதம் என்னும் சோர்வின் வாயிலாகவே அது பெரும்பாலும் நுழைகிறது என்று தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாசுவாமி முனிவர் கண்டார். சோர்வுற்ற மனமொழிமெய்களால் உயிருக்கு இறுதி நேர்வதே ஹிம்சை என்பது அவர் தரும் இலக்கணம்.

இது கற்பனைக்கு மட்டும் உரியதன்று. இத்தொடர் முடிந்த மறு ஆண்டாகிய 1978இல், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், பெரியம்மைக் கிருமியை வைத்து ஆய்வு செய்த கூடம் ஒன்று இருந்த கட்டடத்தில் பணியாற்றிய பெண்மணி ஒருவர் அந்நோய்க்கு இரையானார். உலகில் பெரியம்மையால் நேர்ந்த இறுதி மரணம் அதுவே. இரண்டாண்டுகளின் பின், 1980இல், அந்நோய் அறவே ஒழிந்ததென உலக நலவாழ்வு அமைப்பு அறிவித்தது. இயற்கையில் அது மறைந்த பின்னரும் ஓர் உயிரைக் கொண்டு சென்றது மனிதரின் காவலில் இருந்த கிருமியேயாகும்.

கற்பகத் தரு மறைந்தபின்

முதற்பகுதியில் ஏபி தன் மகன் பயின்ற பள்ளிக்குச் செல்கிறாள். அங்கு உயிரோடிருப்பவர் ஒரு முதிய ஆசிரியர் மட்டுமே. கடைகளில் எஞ்சியுள்ள பொருள்கள் ஒருநாள் தீரும். அதன்பின் மிக எளிய கருவியையும் மூலப்பொருளிலிருந்து செய்யக் கற்றாக வேண்டும். இல்லையேல் பிழைத்ததில் பயனில்லை என்பது அவர் தரும் அறிவுரையின் சாரம். இயந்திர நாகரிகத்தில் வளர்ந்த ஒருவருக்குத் தான் நாள்தோறும் பயன்படுத்தும் பொருள்களுள் ஒன்றையேனும் தன் கையால் ஆக்கத் தெரியாது என்பது அவள் உள்ளத்தைத் தாக்குகிறது.

இதே நிலையை நம் ஸ்ரீபுராணம் வேறொரு காலத்தில் வைத்துக் காட்டுகிறது. போகபூமி நீங்கிக் கற்பகத் தருக்கள் ஒளி குன்றியபோது, கேட்டவற்றைக் கேட்டவாறே பெற்றுப் பழகிய மக்கள் பசியாலும் அச்சத்தாலும் திகைத்து நின்றனர். அவர்களுக்கு ஆதிபகவனாகிய விருஷபதேவர் அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களையும் கற்பித்தார். வாள்கொண்டு காத்தலும், எழுத்தும், உழவும், கலையும், வணிகமும், கைவினையும் அவை. பேரங்காடி என்னும் கற்பகத் தருவை இழந்த இங்கிலாந்து மக்களின் திகைப்பும் அத்தகையதே.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பகவான் தொழில்களைக் கற்பித்ததோடு நில்லாது, பின்னர்த் தாமே அரசு துறந்து நோன்பேற்று, தொழிலுக்கு எல்லையாக அறத்தையும் காட்டினார். இத்தொடரில் தொழில் கற்பிப்போர் உளர். எல்லை காட்டுவோர் இலர். அவர்கள் ஊன் உண்போர் என்பதையோ வேட்டையாடுவோர் என்பதையோ நாம் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. அது அந்நாட்டு வழக்கம். ஆனால் மனித உயிர் என்று வரும்போதும் எல்லை எது என்னும் வினா எழாமல் இருக்க முடியாது. அவ்வினாவைத் தொடர் நேர்மையாகவே எழுப்புகிறது.

இரண்டாம், மூன்றாம் பகுதிகளில் ஆர்தர் வோர்ம்லி என்னும் தொழிற்சங்கத் தலைவன் வருகிறான். ஒழுங்கை நிலைநாட்டுவதாகக் கூறி ஆயுதம் ஏந்திய ஆள்களைத் திரட்டி, எஞ்சிய பொருள்கள் அனைத்தும் தன் ஆணைக்கு உட்பட்டவை என்கிறான். ஒரு பேரங்காடியில் உணவு தேடச் செல்லும் மூவரும், கொள்ளையன் என எழுதிய அட்டையோடு தொங்கும் ஒரு பிணத்தைக் காண்கின்றனர். உண்போர் பல்லாயிரவர் மாண்டு, பொருள் மலைபோல் கிடக்கும் இடத்தில், பசித்த ஒருவன் எடுத்த பொருளுக்காகத் தூக்கு! பொருள் குறைவால் மட்டும் பரிக்கிரகம் என்னும் பற்று பிறப்பதில்லை. மிகுதியிலும் அது கொலை செய்யும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஏபி வோர்ம்லியை வெறுத்து விலகுகிறாள். காண்போரும் அவள் பக்கமே நிற்கிறோம். அதே ஏபியின் குடியிருப்பில் பின்னர் நிகழ்வதுதான் நம் கட்டுரையின் உட்பொருள்.

பார்னியின் வழக்கு

1975ஆம் ஆண்டின் முதற்பருவத்தில் ஒன்பதாம் பகுதி 'சட்டமும் ஒழுங்கும்' என்னும் பொருள் தரும் தலைப்புடையது. குடியிருப்பினர் நெடுநாள் உழைப்பிற்குப்பின் ஓரிரவு விருந்து வைத்து மகிழ்கின்றனர். மறுநாள் வெண்டி என்னும் இளம்பெண் கொலையுண்டு கிடக்கிறாள். ஐயம் முழுவதும் பார்னி என்பவன்மேல் விழுகிறது. அவன் மனவளர்ச்சி குன்றிய, குழந்தையுள்ளம் கொண்ட மனிதன்; தனக்காக வாதாடவும் அறியாதவன். குடியிருப்பினர் கூடி ஆராய்கின்றனர். வெளியே துரத்துவதா, கொன்றுவிடுவதா என்று வாக்கெடுக்கின்றனர். கொலைத் தண்டனையே முடிவாகிறது. அதனை நிறைவேற்றும் பொறுப்பு கிரெக்கினிடம் வருகிறது. துப்பாக்கி வெடிக்கிறது.

அதன்பின் உண்மை வெளிப்படுகிறது. வெண்டியைக் கொன்றவன் டாம் பிரைஸ் என்னும் வேறொருவன். குடியிருப்பின் உழைப்பாளிகளுள் ஒருவன். அவனே ஏபியிடமும் கிரெக்கிடமும் அதனை ஒப்புக்கொள்கிறான். இருவரும் கலங்குகின்றனர். இறுதியில் இதனை ஏனையோருக்குச் சொல்வதில்லை என்று முடிவு செய்கின்றனர். உழைக்கும் கை ஒன்றையும் இழக்க இயலாது. இன்னொரு வழக்கையும் இன்னொரு கொலையையும் இச்சிறு கூட்டம் தாங்காது என்பது அவர்கள் கருத்து. பார்னி கொலைகாரன் என்னும் பெயரோடு மண்ணுக்குள் கிடக்கிறான். பிரைஸ் மற்றவர்களோடு சேர்ந்து உணவருந்துகிறான்.

முதன்முறை இப்பகுதியைக் கண்டபோது, 'வேறு என்னதான் செய்திருக்க முடியும்?' என்று நாமும் எண்ணினோம் என்பதை மறைப்பதற்கில்லை. மீண்டும் கண்டபோதுதான், நம்மை அவ்வாறு எண்ண வைத்தது எது என்று கேட்கத் தோன்றியது.

நான்கு படிகள்

இத்தொடரில் மனிதரால் மனிதருக்கு நேரும் அழிவுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் நான்கு படிகள் தெரிகின்றன.

முதற்படி, குடுவை நழுவியது. அது சோர்வால் நேர்ந்தது. கொல்லும் எண்ணம் அறவே இல்லை.

இரண்டாம் படி, ஐந்தாம் பகுதியில் வருவது. மகனைத் தேடிச் செல்லும் ஏபி, குன்றுப்புறத்தில் உலகத் தொடர்பின்றி வழிபாட்டில் வாழும் சில மனிதரைச் சந்திக்கிறாள். நோய் அவர்களை அதுவரை தீண்டவில்லை. தன்னுள் கிருமியைச் சுமந்து வந்திருப்பதை அவள் அறியாள். அவள் சென்றதாலேயே சாவு அக்குன்றையும் அடைகிறது. நம் நூல்கள் திரவிய ஹிம்சை என்றும் பாவ ஹிம்சை என்றும் பிரித்துக் கூறுவதன் பொருள் இங்கே விளங்கும். புறத்தே உயிர்கள் மாய்ந்தன. அகத்தே கொலை இல்லை. அவள் துயருறுகிறாள், ஆனால் நாம் அவளைக் கொலைகாரி என்று சொல்லமாட்டோம்.

மூன்றாம் படி, பார்னியைக் கொன்றது. இங்கே எண்ணம் உண்டு. ஆயினும் அது தவறான அறிவின்மேல் எழுந்தது. இல்லறத்தார்க்கு விரோத ஹிம்சை முற்றும் விலக்கப்படவில்லையே, தன் கூட்டத்தைக் காப்பதற்குச் செய்ததாகாதோ என்று சிலர் கேட்கலாம். அவ்விலக்கு, தாக்க வருபவனைத் தடுக்க வேறு வழியே இல்லாத நிலைக்கு உரியது. பார்னியோ அவர்கள் பிடியில் இருந்தான். துரத்துதல் என்னும் மற்றொரு வழியும் வாக்கெடுப்பிலேயே இருந்தது. கண்டறியாத குற்றத்திற்கு மீட்கமுடியாத தண்டனை அளித்தது அச்சத்தின் விரைவு. கோபமும் அச்சமும் கலந்த பிரமாதம் அது.

நான்காம் படி, மௌனம். அறியாமை இங்கே இல்லை, விரைவும் இல்லை. அமர்ந்து ஆராய்ந்து, தெரிந்தே எடுத்த முடிவு அது. புறத்தே ஓர் உயிரும் மாயவில்லை. ஆதலால் நான்கினுள் இதுவே மிகச் சிறியது போலத் தோன்றுகிறது. வினைக்கட்டு நிகழ்வது உயிரின் பரிணாமத்தால்தான் என்று நம்பும் நாம், இதனையே மிகப் பெரியதாகக் கொள்ள வேண்டும். முதற்படியில் கை நழுவியது. நான்காம் படியில் நெஞ்சே கைவிட்டது.

இரண்டு அரசவைகள்

தவறாகக் கொல்லப்பட்டவனின் கதை தமிழர்க்குப் புதியதன்று. பொற்கொல்லனின் சொல்லை ஆராயாது ஏற்ற பாண்டியன் நெடுஞ்செழியனின் அவையில், கண்ணகி சிலம்பை உடைத்தபோது மாணிக்கப் பரல் தெறித்தது. கோவலன் கள்வனல்லன் என்பது உறுதியாயிற்று. அந்நொடியில் பாண்டியனுக்கும் ஒரு வாய்ப்பு இருந்தது. எதிரில் நின்றவள் ஆதரவற்ற அயலூர்ப் பெண், அவை அவனுடையது, படை அவனுடையது. நாட்டின் அமைதி கருதி அவளை அப்புறப்படுத்திவிட்டு, கள்வன் இறந்தான் என்றே ஊரை நம்ப வைத்திருக்கலாம். அரசு நிலைக்க அது வேண்டும் என்று சொல்லும் அமைச்சர் எக்காலத்தும் கிடைப்பர்.

பாண்டியன் அவ்வாறு செய்யவில்லை. கள்வன் தானே என்று அவையறிய ஏற்றான். அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் நீத்தான். இளங்கோவடிகளின் காப்பியத்தில் பாண்டியனின் பிழை மூன்றாம் படியோடு நின்றது. நான்காம் படிக்கு அது இறங்கவில்லை. அதனால்தான் கொலைத் தீர்ப்பு அளித்தவனையும் நாம் இன்றுவரை இகழாமல் இரங்குகிறோம். கிரெக்கும் ஏபியும் உயிரோடிருந்தார்கள், குடியிருப்பும் நிலைத்தது, ஆனால் அவர்கள் மேல் இரக்கம் கொள்வதா, வேறொன்று கொள்வதா என்று காண்போர் தடுமாறுகின்றனர்.

பாண்டியனைப் போல் உயிர்விடுவதே வழி என்று நாம் கூறவில்லை. அவன் ஒப்புக்கொண்டதே நமக்குப் பாடம், மாண்டது அன்று.

ஒரு தடையும் விடையும்

இங்கே ஒரு வலுவான தடை எழக்கூடும். அதுவும் நம் நூல்களிலிருந்தே எழும். சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் சத்திய அணுவிரதத்தை விளக்குகின்றன. பிறருக்குக் கேடு விளைவிக்குமாயின் உண்மையையும் உரைக்கலாகாது என்பது அவ்விரதத்தின் ஒரு கூறு. சத்தியம் அகிம்சைக்குக் காவலாக வந்ததேயன்றி அதற்கு மேலானதன்று. அவ்வாறாயின், உண்மையைச் சொன்னால் பிரைஸும் கொல்லப்படுவான், குடியிருப்பு சிதறும், குளிர்காலத்தில் குழந்தைகள் பட்டினி கிடப்பர். எனவே அம்மௌனம் விரதத்திற்கு உடன்பாடானதுதானே?

இத்தடையை எளிதில் தள்ளிவிடல் ஆகாது. இன்னொரு கொலை வேண்டாம் என்னும் எண்ணத்தில் கருணையின் சாயல் இருக்கிறது. எனினும் மூன்று செய்திகளைக் கருதவேண்டும்.

முதலாவது, அவ்விலக்கு பிற உயிரின் நலம் கருதியது. வேடன் கேட்கும்போது மான் சென்ற வழியைச் சொல்லாதிருப்பது மானுக்காக. ஏபியும் கிரெக்கும் மறைத்த உண்மையோ தம் தீர்ப்பின் பிழையையும் சேர்த்தே மறைக்கிறது. உண்மை வெளிவந்தால் பிரைஸின் உயிரோடு அவர்களின் தலைமையும் ஆட்டம் காணும். பிறர் நலமும் தன் நலமும் ஒரே மௌனத்தில் கலந்திருக்கும்போது, எது எதனை இயக்குகிறது என்பதை மனிதன் தானே முடிவு செய்வது அரிது. மாயை என்னும் கஷாயம் அங்கேதான் குடியிருக்கும்.

இரண்டாவது, கேடு எவருக்கும் இல்லை என்று கணக்கிட்டபோது அவர்கள் இறந்தவனைக் கணக்கில் சேர்க்கவில்லை. சத்திய விரதத்தின் அதிசாரங்களுள் நியாசாபகாரம் ஒன்று. நம்பி ஒப்படைத்த அடைக்கலப் பொருளைக் கவர்ந்துகொள்ளுதல் என்பது அதன் பொருள். பொருளை வைத்தவன் எண்ணிக்கையை மறந்து குறைத்துக் கேட்டால், 'அவ்வளவுதான்' என்று கொடுத்தனுப்புவதும் குற்றம். இறந்தவனின் நற்பெயர் வாழ்வோரிடம் அவன் விட்டுச்சென்ற அடைக்கலப் பொருள். அதனைத் திருப்பிக் கேட்க அவன் வரமாட்டான் என்பதனாலேயே அது நம்முடையதாகிவிடாது. பார்னி உயிரோடிருந்தபோதே தனக்காகப் பேச அறியாதவன்; அவனுக்காகப் பேசும் கடமை இருமடங்கானது.

மூன்றாவது, மௌனம் அல்லது மற்றொரு கொலை என்னும் இரு வழிகளே அவர்களுக்குத் தெரிந்தன. அனேகாந்தம் என்பது எல்லாம் சரியே என்று தலையாட்டும் கொள்கையன்று. இரண்டே வழிகள் என்று மனம் அடம்பிடிக்கும் இடத்தில் பிற வழிகளையும் காணச் செய்யும் ஒழுக்கம் அது. குடியிருப்பினரைக் கூட்டி, 'நாம் தவறிழைத்தோம், பார்னி குற்றமற்றவன், நம் கையாலேயே அவன் மாண்டான், ஆதலால் இனி இக்குடியிருப்பில் எவருக்கும் கொலைத் தண்டனை இல்லை' என்று சொல்லியிருக்கலாம். அப்போது பிரைஸின் உயிரும் காக்கப்பட்டிருக்கும். பார்னியின் பெயரும் மீண்டிருக்கும். தவறே ஒரு நல்ல சட்டத்தைப் பெற்றுத் தந்திருக்கும். அவ்வறிவிப்பால் கூட்டம் சிதறியிருக்குமா, நிலைத்திருக்குமா என்பதை எவரும் அறியார். ஆனால் ஏனையோருக்கு அதனைத் தாங்கும் ஆற்றல் இல்லை என்று இருவர் மட்டும் முடிவு செய்தது, வோர்ம்லியின் செருக்கிற்கு வெகுதொலைவில் இல்லை.

பிராயச்சித்தம் என்னும் வழி

குற்றம் நிகழாத சங்கம் இல்லை என்பதை நம் ஆசாரியர்கள் அறிந்திருந்தனர். அதனாலன்றோ பிராயச்சித்தத்தை அகத்தவங்களுள் முதலாவதாக வைத்தனர்! தத்துவார்த்த சூத்திரம் அதனை ஒன்பது வகையாக்குகிறது. முதலாவது ஆலோசனை, இழைத்த குற்றத்தை ஒளிக்காமல் ஆசாரியனிடம் உரைத்தல். இரண்டாவது பிரதிக்கிரமணம், குற்றத்தினின்று நெஞ்சறிந்து மீளுதல். இறுதி இரண்டும் பரிகாரமும் உபஸ்தாபனமும். குற்றவாளியைச் சிலகாலம் சங்கத்தினின்று விலக்கி வைத்தல் பரிகாரம். மீண்டும் விரதத்தில் நிலைநிறுத்துதல் உபஸ்தாபனம். விலக்குதல் உண்டு, மீண்டும் சேர்த்துக்கொள்ளுதலும் உண்டு, அழித்தல் என்பது இல்லை. எல்லாவற்றிற்கும் வாயில் 'சொல்லுதல்' ஒன்றே. சொல்லாத குற்றத்திற்கு ஊற்றை அடைக்கும் செறிப்பும் இல்லை. கட்டிய வினை உதிரும் உதிர்ப்பும் இல்லை.

இவ்விடத்தில் நம்மையும் சிறிது நோக்கிக் கொள்ளுதல் தகும். நாம் எண்ணிக்கையில் சிறியதொரு சமூகம். பல நூற்றாண்டுகளின் இடர்களைக் கடந்து எஞ்சியவர்கள். ஒருவகையில் நாமும் பிழைத்தோரே. சிறிய சமூகத்திற்கென்றே உரிய ஒரு சோதனை உண்டு. ஊரில் ஒரு தவறு நிகழ்ந்தால், 'வெளியே தெரிந்தால் நம் பெயர் கெடும். நாம் இருப்பதே சிலர். அவரை இழக்க இயலாது. இதனோடு விட்டுவிடுவோம்' என்று பெரியோர் கூடிப் பேசி மூடிவிடும் வழக்கம் எங்கும் உள்ளது. ஆலயக் கணக்காயினும், குடும்பச் சொத்தாயினும், மருமகளாக வந்த ஒரு பெண்ணின் கண்ணீராயினும் அவ்வாறு மூடப்பட்டவை இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்வார் யார்? அப்போதெல்லாம் வாய் திறக்கவியலாத ஒருவர் மேல் பழி தங்கிவிடுகிறது. ஒற்றுமை காக்கப்பட்டதாக நாம் மகிழ்கிறோம். அவ்வொற்றுமையின் விலையை எவர் கொடுத்தார் என்று கேட்பதில்லை. பார்னிகள் இங்கிலாந்தில் மட்டும் இல்லை.

மீண்டும் தொடங்குவோர்

உலகம் அழிந்து மீண்டும் தொடங்கும் என்பது ஆங்கிலேய எழுத்தாளருக்கு ஒரு கற்பனை. நமக்கு அது காலச்சக்கரத்தின் இயல்பு. அவசர்ப்பிணியில் இப்போது நடப்பது ஐந்தாம் காலம். இருபத்தோராயிரம் ஆண்டுகள் கொண்டது. அடுத்து வரும் ஆறாம் காலமும் அத்துணை ஆண்டுகளே. அதன் முடிவில் நாற்பத்தொன்பது நாள்கள் கொடுங்காற்றும் நஞ்சும் நெருப்பும் பொழிய, மலைக்குகைகளில் மிகச் சிலரே எஞ்சுவர். பின்னர் உத்சர்ப்பிணி பிறக்க, நாற்பத்தொன்பது நாள்கள் நன்மழை பெய்து நிலம் குளிரும். எஞ்சியோர் வெளியே வருவர். பாத்ரபத மாதத்துச் சுக்கில பஞ்சமியில் நாம் தொடங்கும் தசலட்சணப் பெருவிழா அந்நாளின் நினைவே என்று பெரியோர் கூறுவர்.

இதனை எண்ணும்போது ஒன்று புலப்படுகிறது. குகையினின்று வெளிவருவோரின் முதல்நாளை நம் முன்னோர் படைக்கலத்தோடோ தானியக் கிடங்கோடோ இணைக்கவில்லை. பொறுமை, பணிவு, நேர்மை, வாய்மை முதலாகிய பத்து அறங்களோடு இணைத்தனர். ஆர்ஜவம் என்னும் நேர்மையும் சத்தியமும் வசதி வந்தபின் சேர்த்துக்கொள்ளும் அணிகள் அல்ல. அவையே முதல் விதைகள். மறைத்த பொய்யின்மேல் எழுப்பும் புதிய உலகம், அழிந்துபோன பழைய உலகத்தின் தொடர்ச்சியேயன்றிப் புதியதன்று.

ஏபியையும் கிரெக்கையும் பழிப்பது நம் நோக்கமன்று. பசியும் குளிரும் அறியாத கூடத்தில் அமர்ந்து அவர்களுக்குத் தீர்ப்பு வழங்க நாம் யார்? பார்னிக்குத் தீர்ப்பு வழங்கியவர்களின் பிழையே அதுவன்றோ. அத்தொடரை ஆக்கியோர் அவர்களை நல்லோராகவே காட்டி, நல்லோரே இவ்வாறு செய்வர் என்று நம்மை உணரச் செய்தனர். அந்நேர்மைக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இவ்வாண்டுத் தசலட்சணத்தின் நிறைவில் கைகூப்பி ஒருவரையொருவர் பொறுத்தருள வேண்டும்போது, உயிரோடிருந்து நம்மைப் பொறுக்கக்கூடியோரிடம் மட்டும் வேண்டி நிறுத்திவிடாமல், நம் மௌனத்தால் பழி சுமந்து மறைந்தோர் எவரேனும் உண்டா என்றும் நினைத்துப் பார்ப்போம். அவர்களில் ஒருவரது பெயரையேனும் இந்நாளில் வாய்திறந்து மீட்டுக் கொடுப்போமாயின், அத்தனை காலம் நாம் உயிர் பிழைத்திருந்ததற்குப் பொருள் உண்டாகும்.